உப்பிட்டவரை உள்ளளவும்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வீடுகளில் பாட்டிமார் வாயில் வழங்கிவந்த பழமொழி. உணவளித்தவரை உயிருள்ளவரை மறவாதே என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். சோற்றுக்கு உழவரை நினைக்கிறோம். பொங்கல் நாளில் அவருக்கு நன்றியும் சொல்கிறோம். மீனுக்கு மீனவரை நினைக்கிறோம். நம் ஆண்டவர் முதலில் அழைத்தவர்கள் அவர்கள் அல்லவா! ஆனால் உப்புக்கு நினைத்துக்கொள்ள நம்மிடம் ஒரு முகம் இல்லை. அது கடையிலிருந்து பொட்டலமாக வருகிறது, ஜாடியில் விழுகிறது, அத்துடன் நம் நினைவும் முடிகிறது.

அந்த முகத்தைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சென்றால் மரக்காணம். சாலையை ஒட்டி நீர் தேங்கிய பாத்திகள் கண்ணாடிச் சதுரங்களாய் விரிந்து கிடக்கும். வரப்போரங்களில் வெண்குவியல்கள் நிற்கும். புதுவைக்கும் கடலூருக்கும் வேளாங்கண்ணிக்கும் இவ்வழியே நாம் பன்முறை சென்றிருக்கிறோம். குழந்தைகளிடம், "அதோ பார், உப்பு!" என்று சுட்டிக் காட்டியும் இருக்கிறோம். அந்த உப்பின் நடுவே குனிந்து நிற்கும் மனிதரைச் சுட்டிக் காட்டியது உண்டா?

கல்வி, நகரம், சுற்றுலா ஆகிய மூன்றும் இன்று எல்லாச் சிற்றூர்களின் வாசலிலும் நிற்கின்றன. மூன்றும் நல்லவையே. ஆயினும் இவற்றுள் எது முதலில் உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தே அவ்வூர் மக்களின் நாளைய நிலை அமைகிறது என்பது, மரக்காணத்து உப்பங்கரையிலும் வடகிழக்கின் ஒரு மலைநகரிலும் நாம் கண்டவற்றால் நம் உள்ளத்தில் உறுதிப்பட்டுள்ளது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எயிற்பட்டினத்து விருந்து

மரக்காணம் புதிய ஊர் அன்று. சங்க இலக்கியமாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் கருதுவர். ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடும் நூல் அது. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. இன்றைய சுற்றுலாக் கையேடுகளுக்கெல்லாம் அதுவே மூத்த முன்னோடி எனலாம்.

அந்நூலில் இருவகை மனிதர் நம் கவனத்தை ஈர்க்கின்றனர். உப்பு ஏற்றிய வண்டிகளோடு ஊர் ஊராகச் செல்லும் உமணரும், அவ்வண்டிகளோடு செல்லும் அவர்தம் பிள்ளைகளும் ஒருவகையினர். கடற்கரைப் பட்டினத்தில் வழிப்போக்கனை வரவேற்றுச் சுட்ட மீன் படைக்கும் நெய்தல் நில மக்கள் மற்றொரு வகையினர். வந்தவன் விருந்தினன், ஊரார் விருந்தளிப்போர். அங்கே ஊரார் எவரும் வந்தவன் கண்டுகளிக்கும் காட்சிப்பொருளாக இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தச் சமன்நிலையை நாம் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் பின்னர் வந்த காலங்களில் அது குலைந்தது.

மரக்காணத்துக்குச் சற்று வடக்கே கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டை சிதைந்து கிடக்கிறது. நவாபுகளின் காலத்தில் நாணயச் சாலையும் துறைமுகமுமாக விளங்கிய அக்கோட்டை, 1750இல் பிரெஞ்சுக்காரர் துய்ப்ளேயின் கைக்குச் சென்றது. 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வெட்டிய பக்கிங்காம் கால்வாய், ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஓடி மரக்காணத்தில் முடிகிறது. உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குச் சென்றன. நகரம் வளர்ந்தது. நகரத்துக்கு வேண்டியதை அனுப்பும் வாயிலாக மரக்காணம் நின்றுவிட்டது.

உப்பு விளையும் முறை

உப்பளத்து வேலையை அருகிருந்து பார்த்தவர்களுக்கே அதன் நுட்பம் விளங்கும். மழை ஓய்ந்தபின் பாத்திகளில் படிந்த சேற்றை வாரி, வரப்புகளைச் செப்பனிட்டு, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். பிறகு உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காய்ச்சுகிறார்கள். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 3 டிகிரி. அது ஏறிக்கொண்டே போகையில் முதலில் சுண்ணாம்பும் பின்னர் ஜிப்சமும் அடியில் தங்கிவிடும். ஏறத்தாழ 25 டிகிரியை எட்டும்போதுதான் நாம் உண்ணும் உப்பு பூக்கத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பு கசந்துபோகும். ஆகவே அதற்கு முன்னரே உப்பை வாரிவிட்டு, எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும்.

இங்கே எல்லாம் வரிசையில்தான் இருக்கிறது. எது முதலில் படிய வேண்டும், எப்போது வார வேண்டும் என்பதை அறிந்தவரே உப்பளத்தில் தேர்ந்தவர். பள்ளி வாசலை மிதியாத முதியவர் ஒருவர் நீரைத் தொட்டு நாவில் வைத்து அதன் பக்குவத்தைச் சொல்வதை நாம் வியந்து பார்த்திருக்கிறோம். இதைப் படிப்பறிவின்மை என்று எவரும் சொல்லத் துணிவாரா?

ஆயினும் இவ்வறிவு அவருக்கு ஈட்டித் தருவது அன்றாடக் கூலியே. அவர் உழைக்கும் பாத்தி பெரும்பாலும் அவருடையது அன்று. விடியுமுன் வேலை தொடங்குகிறது. வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது. உவர்நீர் பாதத்தை வெடிக்கச் செய்கிறது. வெடிப்பில் மீண்டும் உப்பு ஏறுகிறது. ஆண்கள் பலகையால் வாரிய உப்பைப் பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து குவிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஆண்டு முழுதும் கிடைக்கும் வேலை அன்று. தை, மாசியில் தொடங்கும் பருவம் வடகிழக்குப் பருவமழை வந்ததும் முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பாத்தியெல்லாம் வெறும் தண்ணீர். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையைக் கடந்தபோது, இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. நன்றியோடு ஏற்க வேண்டிய உதவி அது. ஆனால் அந்தத் தொகையைக் கொண்டு ஒரு குடும்பம் மூன்று மாதங்களை எப்படிக் கடக்கும் என்பதைக் குடும்பம் நடத்தும் நம் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்து ஆண்டும் உப்பளத்து ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பிள்ளைகளின் கோடை விடுமுறை, உப்பு மிகுதியாக விளையும் நாட்களில் வருகிறது; பெற்றோருக்குத் துணையாகப் பிள்ளைகளும் பாத்திக்கு வருகிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கையில் கையில் சிறிது கூலி இருக்கும். பையும் காலணியும் வாங்கிவிடலாம். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் மாதங்களிலோ வீட்டில் வருவாய் இராது. படிப்பை விடும் பிள்ளை பெரும்பாலும் அப்போதுதான் விடுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடு. விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவோ ஏறத்தாழ 72 விழுக்காடுதான். இந்த இடைவெளியின் ஒரு பகுதி இம்மழை மாதங்களில் ஒளிந்திருக்கிறது என்பது நம் எண்ணம்.

சாலையும் பறவையும்

இப்படிப்பட்ட கரைக்குத்தான் இன்று சுற்றுலா விரைந்து வருகிறது. மரக்காணத்துக்குத் தெற்கே பரந்துள்ள கழுவேலி, தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் நிலைகளுள் ஒன்று. குளிர்காலத்தில் பல்லாயிரம் மைல் கடந்து பறவைகள் இங்கே வந்து இறங்குகின்றன. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 5,150 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பன்னாட்டுப் பறவைகள் மையம் ஒன்றை 25 கோடி ரூபாயில் மரக்காணத்தில் அமைப்பதாக 2023ஆம் ஆண்டு மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மரக்காணம் முதல் புதுவை வரை 46 கிலோமீட்டர் சாலையை நான்கு வழியாக்கும் 2,157 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. படைப்பைக் காக்கும் எந்த முயற்சியையும் நாம் குறைகூறோம். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயத்தால் உயிர்கள் மாண்டபோதுதான் மரக்காணத்தின் பெயர் நகரத்து வீடுகளில் உரக்க ஒலித்தது. சாவின் செய்தியால் அறியப்பட்ட ஊர் இனிப் பறவைகளின் பெயரால் அறியப்படுமானால் மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பறவைகளைப் பற்றி வருவோருக்கு எடுத்துச் சொல்லப் போகிறவர் யார்?

2025ஆம் ஆண்டு மே மாதம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த வாரத்தில், நமக்குப் பழக்கமான ஆசிரியர் ஒருவருடன் உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றைக் காணச் சென்றோம். அவ்வீட்டில் மூத்த மகள் தேர்ச்சி பெற்றிருந்தாள். அவள் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. கடற்கரையை ஒட்டிய விடுதி ஒன்றில் அறை துப்புரவு செய்யும் வேலைக்கு அடுத்த மாதமே வரச் சொல்லியிருந்தார்கள். மற்றொன்று, திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் சேர விண்ணப்பிப்பது.

தாயார் வெடித்த பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு பேசினார். "படிக்கட்டும்னுதான் ஆசை சார். ஆனா இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க இவளுக்குக் கீழ. மழை நாளு வந்தா நாங்க என்ன செய்வோம்? விடுதி வேலைன்னா மாசம் பொறந்தா சம்பளம் வரும்."

நாம் அந்த மகளிடம் பேச்சுக் கொடுத்தோம். கழுவேலிக்கு வரும் பறவைகளைப் பற்றிக் கேட்டோம். அதுவரை தலை குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். பூநாரை, கூழைக்கடா, உள்ளான், ஆலா என்று வரிசையாகச் சொன்னாள். பூநாரைகள் நீர் இன்னும் முற்றாத பாத்திகளில்தான் நிற்கும் என்றும், உப்பு பூக்கும் பாத்தியில் அவற்றுக்கு இரை இல்லாததால் அங்கே இறங்கா என்றும் விளக்கினாள். எந்த நூலிலிருந்து படித்தாய் என்று கேட்டோம். சிரித்தாள்.

"அப்பா கூடப் போறப்ப பாக்குறதுதான் சார். தை மாசத்துல கேமராவோட கார்ல வருவாங்க. எங்ககிட்ட தண்ணி எங்க கிடைக்கும், கழிப்பறை எங்க இருக்குன்னு கேப்பாங்க. பறவையப் பத்தி யாரும் கேட்டதில்ல."

வந்தவர்கள் தீயவர்கள் அல்லர். இயற்கையை நேசிப்பதால்தான் அவ்வளவு தொலைவு வருகிறார்கள். ஆயினும் தாம் தேடிவந்த அறிவு, வரப்பில் நிற்கும் பாவாடைச் சிறுமியிடம் இருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அச்சிறுமிக்கும் அதைத் தானாகச் சொல்லும் துணிவு இல்லை. அவளுக்கு அறிவு இல்லாமல் இல்லை. அந்த அறிவுக்கு ஒரு மொழியும் ஒரு சான்றிதழும் ஓர் இருக்கையும் அளிக்கும் கல்விதான் வந்து சேரவில்லை.

மலைமேல் ஒரு நகர்

மலைப்பொழிவில் நம் ஆண்டவர் உப்பைப் பற்றிச் சொன்னவுடன் மலைமேல் இருக்கும் நகரைப் பற்றிச் சொல்கிறார். உப்பங்கரையில் நின்றுகொண்டு அப்பகுதியை நினைக்கும்போதெல்லாம் நம் எண்ணம் மேகாலயத்தின் தலைநகரான ஷில்லாங்குக்குச் சென்றுவிடுகிறது. நம் உறவினரான அருள்சகோதரி ஒருவர் இளம்வயதிலேயே அங்கே பணிக்குச் சென்றவர். அவருடைய துறவற வாழ்வின் பொன்விழாவை முன்னிட்டு 2019 அக்டோபரில் நாம் அங்கே சென்றிருந்தோம்.

அம்மலைகளின் வரலாற்றில் நம் தமிழ்த் திருச்சபைக்கும் ஓர் உறவு உண்டு. 1841இல் அங்கு வந்த வேல்ஸ் நாட்டு மறைபரப்பாளர் தாமஸ் ஜோன்ஸ், காசி மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் முறையை வகுத்தார். 1890இல் சல்வத்தோரியன் சபைக் குருக்கள் வந்தனர். 1922 ஜனவரியில் லூயி மத்தியாஸ் அடிகளாரின் தலைமையில் சலேசியர் ஷில்லாங் சேர்ந்தனர். அவரே 1934இல் ஷில்லாங்கின் ஆயராகி, மறு ஆண்டே சென்னைக்குப் பேராயராக வந்தவர். 1952இல் அமைந்த சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் முதல் பேராயர். நம் பெற்றோர் காலத்தில் பலருக்கு உறுதிபூசுதல் வழங்கிய அதே கைகள், அதற்குமுன் காசி மலைகளில் பள்ளிகளை எழுப்பின. தச்சும் அச்சும் தையலும் கற்பிக்கும் தொழிற்பள்ளி, 1934இல் புனித அந்தோனியார் கல்லூரி என அங்கே கல்வி அடுக்கடுக்காக வளர்ந்தது. மேகாலயம் தனி மாநிலமானது 1972 ஜனவரி 21இல்தான். சுற்றுலாப் பயணிகள் திரள்திரளாக வந்தது அதற்கும் வெகுகாலம் பின்னர்.

நாம் மாவ்லின்னாங் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். 2003இல் ஒரு பயண இதழ் அதனை ஆசியாவின் மிகத் தூய்மையான கிராமம் என்று எழுதியபின் உலகமே அங்கு வரத் தொடங்கியது. வாசல்தோறும் மூங்கில் குப்பைக்கூடை. அருகிலுள்ள ரிவாய் ஊரில், இரப்பர் அத்தி மரத்தின் வேர்களைத் தலைமுறை தலைமுறையாக வளைத்து ஓடைக்குக் குறுக்கே வளர்த்த உயிருள்ள பாலம். நமக்கு வழிகாட்டிய இளைஞன் கல்லூரி மாணவன். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். பாலம் உறுதிப்பட எத்தனை ஆண்டுகள் ஆகும், வேரை எப்படித் திருப்புகிறார்கள் என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னான். பாலத்தின் நடுவில் கூட்டமாக நின்று படம் எடுக்க முயன்றவர்களைப் பணிவோடு, ஆனால் உறுதியோடு நகரச் சொன்னான். "இது எங்கள் பாட்டனார் வளர்த்த பாலம், எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் வேண்டும்" என்றான். அனைவரும் நகர்ந்தார்கள்.

அவன் அங்கே விருந்தளிப்போன், நாம் விருந்தினர். எயிற்பட்டினத்தில் இருந்த சமன்நிலையை நாம் அன்று நேரில் கண்டோம்.

முந்துவது எது?

மேகாலயத்தைச் சொர்க்கமாகச் சித்திரிப்பது நம் நோக்கம் அன்று. அங்கும் ஏழ்மை உண்டு. இடையில் நிற்கும் படிப்பு உண்டு. 2018 டிசம்பரில் கிசான் என்னும் இடத்தில் எலிப்பொந்து போன்ற நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து தொழிலாளர் சிக்கி மாண்டதை நாடே அறியும். பள்ளி ஒன்றே அவ்விளைஞனின் நிமிர்வுக்குக் காரணம் என்றும் சொல்ல இயலாது. அரசமைப்பின் ஆறாம் அட்டவணை அம்மக்களின் நில உரிமைக்குக் காவலாக நிற்கிறது. ஊர் அவை கூடி வருவோருக்கான விதிகளை வகுக்கிறது. உப்பளத் தொழிலாளியின் கையிலோ நிலமும் இல்லை, விதி வகுக்கும் அவையும் இல்லை.

அப்படியிருந்தும், பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் உரிமை பயன்படுகிறது. எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் அவை செவிசாய்க்கிறது. அதே 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மேகாலயத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 74 விழுக்காடு. கல்வியில் முன்னணி மாநிலம் என்று நாம் பெருமை பேசும் தமிழ்நாட்டில், உப்பு விளைவிக்கும் ஒரு மாவட்டம் அந்த மலைநாட்டுக்கும் சற்றுக் கீழே நின்றது. சிந்திக்க வேண்டிய செய்தி அன்றோ?

பள்ளி முந்திச் சுற்றுலா பின்னே வந்தால், ஊரார் தம் ஊரைத் தாமே எடுத்துச் சொல்வார்கள். சுற்றுலா முந்திப் பள்ளி பின்தங்கினால், ஊரைப் பற்றி வெளியார் பேசுவார்கள். ஊரார் அவர்களின் படுக்கை விரிப்பை மாற்றுவார்கள். துப்புரவுப் பணி இழிந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆண்டவரே சீடரின் பாதங்களைக் கழுவினார். ஆனால் அவர் அதைத் தாமே விரும்பிச் செய்தார். வேறு வழியில்லாமல் ஏற்கும் பணிக்கும், வேறு வழிகள் இருந்தும் ஏற்கும் பணிக்கும் இடையே மனிதமாண்பு என்னும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

உப்பளத்து முதியவர் அறிந்திருக்கும் வரிசை நகரத்துத் திட்டங்களுக்கும் வேண்டும். நான்குவழிச் சாலைக்கும் பறவைகள் மையத்துக்கும் இன்னும் சிறிது காலம் இருக்கிறது. அவை வந்து முடியுமுன் உப்பளத்துப் பிள்ளைகள் படித்து மேலேறினால் அந்த மையத்தில் அவர்களே அறிஞராகவும் வழிகாட்டிகளாகவும் அமர்வார்கள். காலம் தவறினால் என்ன படியும் என்பதையும் உப்பே நமக்குச் சொல்லியிருக்கிறது.

நம் பங்கு

அரசு செய்ய வேண்டியவை பல, செய்துகொண்டிருப்பவையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் அதே மாதத்தில் தொடங்கியது. இவற்றால் பயன்பெறும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். பொதுநிலையினராகிய நம்மால் ஆவது என்ன என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

நமக்கு மரக்காணம் வெறும் வழியூர் அன்று. ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் காவி உடுத்தி, செபமாலை ஏந்தி, சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் மக்கள் இச்சாலையில்தான் நடக்கிறார்கள். வெயிலில் களைத்து வரும் அவர்களுக்குச் சாலையோரத்தில் தண்ணீரும் மோரும் நீட்டுவோரில் உப்பளத்துக் கைகளும் உண்டு. வந்தவர் யார், எந்த மதத்தார் என்று அவர்கள் கேட்பதில்லை. உப்பும் தந்து நீரும் தந்தவர்களுக்கு நாம் இருமடங்கு கடன்பட்டவர்கள்.

நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினரும் அன்பியங்களும் இளையோர் இயக்கங்களும் ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் வழங்குகிறார்கள். நல்ல பணி. ஆனால் உப்பளத்துப் பிள்ளைக்கு ஜூனில் அவ்வளவு நெருக்கடி இல்லை. நெருக்கடி ஐப்பசியில் வருகிறது. அந்த மூன்று மாதங்களுக்குப் பேருந்துச் செலவு, தேர்வுக் கட்டணம், வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி என்று ஒரு பங்கு ஒரு குடும்பத்தை ஏற்றுக்கொண்டாலும் ஒரு படிப்பு நில்லாமல் நடக்கும். உதவியின் அளவைவிட உதவி வரும் மாதம் இங்கே முக்கியம். நம் கத்தோலிக்கக் கல்லூரிகளில் விலங்கியலும் தாவரவியலும் பயிற்றும் பேராசிரியர்கள், கழுவேலிக் கரைப் பிள்ளைகளுக்கு விடுமுறைப் பயிற்சி நடத்தலாம். அந்தப் பயிற்சியில் கற்பிப்போரும் கற்றுக்கொள்வர் என்பது உறுதி. பயணம் செல்வோரோ ஒன்று செய்யலாம்: படம் எடுக்குமுன் அங்கு நிற்பவரிடம் பெயரைக் கேட்கலாம், பறவையைப் பற்றியும் கேட்கலாம்.

நாம் முன்னே சொன்ன அந்த மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அவ்வீட்டில் அது எளிதாக எடுக்கப்பட்ட முடிவு அன்று. ஆசிரியர் இருமுறை சென்று பேசினார். இறுதியில் தந்தையார் ஒரே சொல்லில், "போகட்டும்" என்றாராம். நாள்தோறும் காலையில் அவள் திண்டிவனம் பேருந்தில் ஏறுகிறாள். நல்லியக்கோடனின் தலைநகரான கிடங்கில், திண்டிவனத்தில்தான் இருந்தது. பழைய பாணன் பரிசில் நாடிச் சென்ற அதே திசையில்தான் இந்தப் பெண்ணும் செல்கிறாள்.

மூன்று ஆண்டுப் படிப்பு என்றால் மூன்று மழைக்காலங்கள். அவள் படிப்பு இடையில் நிற்குமானால், ஏதோ ஓர் ஐப்பசியில்தான் நிற்கும். அந்த ஐப்பசி வருமுன் நம் பங்கு மன்றத்தில் இதைப் பற்றி ஒருமுறையேனும் பேசுவோமா?